பிள்ளைக்கு ஆன்டிபயாட்டிக்: எப்போது தேவை, எப்படிக் கொடுப்பது?

காய்ச்சலும் இருமலுமாக இருக்கும் பிள்ளையை மருந்தகத்துக்கு அழைத்துச் சென்று திரும்பும் பெற்றோரின் பையில், பெரும்பாலும் மூன்று அல்லது நான்கு மருந்துப் புட்டிகள் இருக்கும். காய்ச்சலுக்கு ஒன்று, மூக்கு ஒழுகுவதற்கு ஒன்று, இருமலுக்கு ஒன்று. சில வேளைகளில் அவற்றோடு ஆன்டிபயாட்டிக் புட்டியும் சேர்ந்து வரும்.

பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால், மற்ற மூன்றும் பிள்ளையின் தொல்லையைக் குறைப்பவை; தொல்லை போனதும் அவற்றை நிறுத்திவிடலாம். ஆன்டிபயாட்டிக் மட்டுமே நோய்க்குக் காரணமான கிருமியை நேரடியாகத் தாக்குகிறது. அதனால்தான் அதன் அளவு, நேரம், நாள்கள் ஆகிய மூன்றிலும் கூடுதல் கவனம் தேவை. அளவு குறைந்தால் கிருமி பிழைத்துக்கொள்ளும். கூடினால் பிள்ளையின் உடல் பாதிக்கப்படலாம். தேவையே இல்லாமல் கொடுத்தால், பின்னாளில் உண்மையிலேயே தேவைப்படும்போது மருந்து கைகொடுக்காமல் போகலாம்.

பெற்றோர் இருவரும் வேலைக்குச் செல்லும் சிங்கப்பூர்க் குடும்பங்களில், பிள்ளைக்கு மருந்து கொடுப்பது ஒருவரின் பொறுப்பாக மட்டும் இருப்பதில்லை. காலையில் அம்மா, நண்பகலில் பாட்டி அல்லது பணிப்பெண், சில நாள்களில் பாலர் பள்ளி ஆசிரியர், இரவில் அப்பா எனப் பலர் கை மாறுகிறது. எனவே, இவ்விவரங்கள் வீட்டில் உள்ள அனைவருக்கும் தெரிந்திருப்பது நல்லது.

பெயரில் ஒரு குழப்பம்

தமிழில் ஆன்டிபயாட்டிக்கைச் சிலர் ‘நோய் எதிர்ப்பு மருந்து’ என்கின்றனர். அதனால், உடலின் ‘நோய் எதிர்ப்புச் சக்தி’யை அது கூட்டும் என்ற எண்ணம் பலரிடம் உள்ளது. அது சரியன்று. ஆன்டிபயாட்டிக் உடலுக்குப் பலம் தரும் மருந்தில்லை. பாக்டீரியா என்னும் நுண்ணுயிரைக் கொல்லும் அல்லது அது பெருகாமல் தடுக்கும் மருந்து. ‘நுண்ணுயிர்க்கொல்லி’ என்ற சொல் அதன் வேலையை இன்னும் தெளிவாகச் சொல்கிறது. 

ஆயினும், எல்லா நுண்ணுயிர்களையும் அது கொல்வதில்லை. பாக்டீரியாவுக்கெனச் சொந்தமான செல் சுவர் உண்டு. புரதம் தயாரிக்கும் தனி அமைப்பும் உண்டு. பென்சிலின் வகை மருந்துகள் அந்தச் சுவரைக் கட்டவிடாமல் தடுக்கின்றன. வேறு சில மருந்துகள் புரதத் தயாரிப்பை நிறுத்துகின்றன. கிருமிகளில் மற்றொரு வகையான வைரசுக்குச் செல் சுவரும் இல்லை, அந்த அமைப்பும் இல்லை. அது நம் உடலின் உயிரணுக்களுக்குள் புகுந்து அங்கேயே பெருகுகிறது. எனவே, வைரஸ் நோய்க்கு எவ்வளவு விலையுயர்ந்த ஆன்டிபயாட்டிக் கொடுத்தாலும் பயன் இல்லை.

எதற்குத் தேவை, எதற்குத் தேவையில்லை?

சிறு பிள்ளைகளுக்கு வரும் சளி, இருமல், தொண்டை வலி ஆகியவற்றில் பெரும்பாலானவை வைரசால் வருபவை. ஃபுளூ, கை, கால், வாய்ப்புண் நோய், சின்னம்மை, டெங்கி ஆகியவையும் அப்படியே. பாலர் பள்ளிக்குச் செல்லத் தொடங்கும் பிள்ளைக்கு ஆண்டுக்கு ஆறு முதல் எட்டு முறை சளிபிடிப்பது வழக்கமே. சளி விட்ட பிறகும் இருமல் இரண்டு, மூன்று வாரம் நீடிக்கலாம். ‘இன்னும் இருமுகிறானே, ஆன்டிபயாட்டிக் கொடுங்கள்’ என்று மருத்துவரை வற்புறுத்துவதற்கு அது மட்டும் காரணமாகாது.

மூக்குச் சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினால் ஆன்டிபயாட்டிக் தேவை என்பதும் பரவலான நம்பிக்கை. கிருமியோடு போராடும் வெள்ளை அணுக்களில் உள்ள ஒரு பொருளே அந்த நிறத்தைத் தருகிறது. வைரஸ் சளியிலும் சில நாள்களில் நிறம் மாறும். நிறத்தை மட்டும் வைத்து மருத்துவர் முடிவெடுப்பதில்லை.

மறுபக்கம், பாக்டீரியாவால் வரும் நோய்களும் பிள்ளைகளிடையே உண்டு. சிறுநீர்ப் பாதைத் தொற்று, சில வகை நிமோனியா, தோலில் கொப்புளம் வெடித்துத் தேன்நிறப் பொருக்கு கட்டும் ‘இம்பெடைகோ’, கக்குவான் இருமல், ‘ஸ்ட்ரெப்டோகாக்கஸ்’ பாக்டீரியாவால் வரும் தொண்டை அழற்சி ஆகியவை அவற்றுள் சில. இவற்றில் ஆன்டிபயாட்டிக்கைத் தள்ளிப்போடுவதே ஆபத்து. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொண்டை அழற்சியைச் சரியாகக் குணப்படுத்தாவிட்டால், சிலருக்குச் சில வாரங்கள் கழித்து ‘ருமாட்டிக்’ காய்ச்சல் வந்து இதய வால்வுகள் பாதிக்கப்படலாம். கைக்குழந்தைக்கு வரும் சிறுநீர்ப் பாதைத் தொற்றைக் கவனிக்காமல் விட்டால் அது சிறுநீரகம் வரை செல்லக்கூடும்.

இரண்டுக்கும் இடைப்பட்டது காது வலி. நடுக்காதில் ஏற்படும் அழற்சி பாக்டீரியாவால் வந்தாலும், பல பிள்ளைகளுக்கு அது தானாகவே ஆறிவிடும். இரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு வலி கடுமையாக இல்லை, காய்ச்சலும் அதிகம் இல்லை என்றால், வலி நிவாரணி மட்டும் கொடுத்து இரண்டு, மூன்று நாள் பொறுத்துப் பார்க்குமாறு மருத்துவர் கூறலாம். ‘மருந்தே தரவில்லை’ என்று அதை அலட்சியமாக எண்ண வேண்டியதில்லை. அதுவும் ஒரு சிகிச்சை முறைதான். அந்த நாள்களுக்குள் குணமாகவில்லை என்றால் மீண்டும் சென்று காட்டுவது பெற்றோரின் பங்கு.

எடைதான் கணக்கு

பெரியவர்களுக்கு ‘ஒரு மாத்திரை, மூன்று வேளை’ என்பது போல் பிள்ளைகளுக்குப் பொது அளவு கிடையாது. பிள்ளையின் ஒவ்வொரு கிலோ எடைக்கும் இத்தனை மில்லிகிராம் என்று மருத்துவர் கணக்கிடுகிறார். அதே மருந்தின் அளவு நோய்க்கு நோயும் மாறும். எனவே, ஆறு மாதத்துக்கு முன் கொடுத்த அளவு இப்போது பொருந்தாது. நான்கு வயது அண்ணனுக்குக் கொடுத்த அளவில் பாதியைத் தம்பிக்குக் கொடுக்கலாம் என்ற கணக்கும் தவறு. மருந்தகத்தில் பிள்ளையின் எடையைப் பார்க்காமல் ஆன்டிபயாட்டிக் தரப்பட்டால், அண்மையில் பார்த்த எடையைப் பெற்றோரே எடுத்துச்சொல்லலாம்.

அளவில் தவறு நேர்வதற்கு முக்கியக் காரணம், மில்லிகிராமும் மில்லிலிட்டரும் ஒன்றென நினைப்பது. மில்லிகிராம் என்பது மருந்தின் எடை. மில்லிலிட்டர் என்பது அது கலந்துள்ள திரவத்தின் அளவு. ‘அமாக்சிசிலின்’ மருந்து 5 மி.லி.க்கு 125 மி.கி. கொண்ட புட்டியிலும் வருகிறது, 5 மி.லி.க்கு 250 மி.கி. கொண்ட புட்டியிலும் வருகிறது. மருத்துவர் ஒரு வேளைக்கு 250 மி.கி. எழுதியிருந்தால், முதல் புட்டியிலிருந்து 10 மி.லி. கொடுக்க வேண்டும், இரண்டாவதிலிருந்து 5 மி.லி. போதும். சென்ற முறை 10 மி.லி. கொடுத்த நினைவில் இம்முறையும் அப்படியே கொடுத்தால், பிள்ளைக்கு இரு மடங்கு மருந்து சென்றுவிடும். காய்ச்சலுக்கான பாராசிட்டமால் மருந்திலும் இதே சிக்கல் உண்டு. இங்கு அது 5 மி.லி.க்கு 120 மி.கி., 250 மி.கி. என இரு அளவுகளில் கிடைக்கிறது.

ஒவ்வொரு முறையும் அந்தப் புட்டியின் மேலுள்ள சீட்டை வாசித்த பிறகே மருந்தை எடுக்க வேண்டும் என்று சொல்லப்படுவது இதனால்தான். சீட்டு பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். பாட்டி, தாத்தாவுக்கு ஆங்கிலம் வாசிக்க வராது என்றால், ‘காலை 8, மாலை 8, ஒவ்வொரு முறையும் 4 மி.லி.’ என்று தமிழில் எழுதிக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவிடலாம். பக்கத்தில் நாளும் வேளையும் குறித்த கட்டங்களை வரைந்து, கொடுத்தவர் அடையாளமிட்டால், ஒரே வேளை மருந்தை இருவர் கொடுத்துவிடும் தவறும் நேராது.

பொடியைக் கரைக்கும்போது

பிள்ளைகளுக்கான பல ஆன்டிபயாட்டிக்குகள் புட்டியில் பொடியாகவே வரும். தண்ணீர் கலந்த பிறகு மருந்தின் வீரியம் நாளுக்கு நாள் குறையும் என்பதே காரணம். சில மருந்தகங்கள் தண்ணீர் கலந்தே கொடுக்கும். சில, வீட்டில் கலந்துகொள்ளச் சொல்லும். சிகிச்சை ஒரு வாரத்தைத் தாண்டினால் இரண்டாவது புட்டி பொடியாகவே தரப்படும். அதை முதல் நாளிலேயே கலந்துவிடக்கூடாது.

வீட்டில் கலப்பதாக இருந்தால், கொதிக்கவைத்து நன்கு ஆறிய தண்ணீர் வேண்டும். சூடான தண்ணீர் மருந்தைக் கெடுத்துவிடும். முதலில் புட்டியைத் தட்டி, அடியில் ஒட்டியுள்ள பொடியை உதிர்க்க வேண்டும். பிறகு, புட்டியில் உள்ள கோட்டுக்குச் சற்றுக் கீழே வரை தண்ணீர் ஊற்றிக் குலுக்க வேண்டும். நுரை அடங்கியதும் கோடு வரை மீண்டும் ஊற்றிக் குலுக்கினால் அளவு சரியாக இருக்கும். எவ்வளவு தண்ணீர் என்று புட்டியிலோ தாளிலோ குறிப்பிட்டிருந்தால் அதையே பின்பற்ற வேண்டும். தண்ணீர் கூடினால் ஒவ்வொரு வேளையும் மருந்து குறையும். தண்ணீர் குறைந்தால் மருந்து கூடும்.

கலந்த மருந்து ஒரே சீராக நிற்பதில்லை. வைத்திருக்கும்போது அடியில் படிந்துவிடும். குலுக்காமல் கொடுத்தால் முதல் சில நாள் வெறும் இனிப்புத் தண்ணீரும், கடைசி நாள்களில் கெட்டியான மருந்தும் பிள்ளைக்குச் செல்லும். எனவே, ஒவ்வொரு வேளையும் குலுக்க வேண்டும்.

எல்லா ஆன்டிபயாட்டிக்கையும் குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டும் என்பது இன்னொரு பொதுவான எண்ணம். தண்ணீர் கலந்த ‘ஆக்மென்டின்’ மருந்தைக் குளிரில் வைக்க வேண்டும். ஏழு நாளுக்கு மேல் பயன்படுத்தக்கூடாது. ‘செஃபலெக்சின்’ மருந்தும் குளிரில் இருக்க வேண்டியதே. ஆனால், ‘கிளாரித்ரோமைசின்’ மருந்தைக் குளிரில் வைக்கக்கூடாது. வைத்தால் கெட்டியாகி, கசப்பும் கூடி, பிள்ளை துப்பிவிடும். குளிரில் வைக்க வேண்டியதைக் கதவுப் பகுதியிலோ உறைபெட்டியிலோ வைக்காமல் நடுத்தட்டில், பிள்ளையின் கைக்கு எட்டாத இடத்தில் வைப்பது சரி. தண்ணீர் கலந்த தேதியைப் புட்டியில் எழுதிவைக்கலாம்.

கரண்டியும் சங்கும் வேண்டாம்

சமையலறைக் கரண்டிகள் ஒரே அளவில் இருப்பதில்லை. மருத்துவத்தில் தேக்கரண்டி என்றால் 5 மி.லி.; மேசைக்கரண்டி என்றால் 15 மி.லி. இரண்டையும் மாற்றி எடுத்தால் மூன்று மடங்கு வேறுபாடு. மி.லி. கோடுகள் உள்ள, ஊசியில்லாத பிளாஸ்டிக் பீச்சுக்குழல்தான் சிறு பிள்ளைகளுக்கு மிகச் சரியான அளவைத் தரும். மருந்தகங்களில் கேட்டால் கிடைக்கும், மருந்துக்கடையிலும் வாங்கலாம்.

தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றில் இன்றும் கைக்குழந்தைக்குச் சங்கில், அதாவது பாலாடையில், மருந்து புகட்டும் வழக்கம் உள்ளது. கால்களின் மேல் குழந்தையை மல்லாக்கப் படுக்கவைத்து, மூக்கைப் பிடித்து, வாயில் ஊற்றுவது பல வீடுகளில் தலைமுறைகளாக வந்த பழக்கம். சங்கில் அளவுக்கோடு இல்லை. அதைவிட முக்கியம், படுத்த நிலையில் அழும் குழந்தையின் மூக்கைப் பிடித்தால் மருந்து மூச்சுக்குழாய்க்குள் சென்று புரையேறும் ஆபத்து அதிகம். 

குழந்தையை மடியில் நிமிர்த்தி உட்காரவைத்து, பீச்சுக்குழலின் முனையைக் கன்னத்தின் உட்பக்கத்தில் வைத்து, சிறிது சிறிதாகச் செலுத்தி, விழுங்கிய பிறகு அடுத்ததைக் கொடுப்பதே பாதுகாப்பான முறை. நாக்கின் நடுவே பீய்ச்சினால் பிள்ளை துப்பும்; தொண்டைக்கு நேராகப் பீய்ச்சினால் புரையேறும்.

கசப்பை மறைக்கத் தேனில் குழைத்துக் கொடுப்பதும் உண்டு. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் எந்த வடிவிலும் கொடுக்கக்கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு பாக்டீரியாவின் வித்துகள் குழந்தையின் குடலில் முளைத்து, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் ‘பொட்டுலிசம்’ நோயை உண்டாக்கலாம். பால் புட்டியில் மருந்தைக் கலப்பதும் வேண்டாம். குழந்தை பாதியிலேயே பாலை நிறுத்தினால் எவ்வளவு மருந்து உள்ளே சென்றது என்று தெரியாது. மருந்து கொடுத்த பின் தண்ணீரோ பாலோ கொடுத்து வாயின் கசப்பைப் போக்கலாம். பெரிய பிள்ளைகளுக்கு ஒரு கரண்டி தயிர் அல்லது பழக்கூழில் கலக்கலாமா என்பதை மருந்தாளரிடம் கேட்டுச் செய்யலாம். சில மருந்துகள் பால் பொருள்களோடு ஒத்துப்போகா.

சாப்பிடும் நேரமும் மருந்துக்கு மருந்து வேறுபடும். ‘அமாக்சிசிலின்’ மருந்தை உணவுக்கு முன்னும் பின்னும் கொடுக்கலாம். ‘ஆக்மென்டின்’ மருந்தை உணவு தொடங்கும்போது கொடுத்தால் வயிற்றுத் தொல்லை குறையும். ‘கிளாக்சசிலின்’ மருந்தை வெறும் வயிற்றில், உணவுக்கு ஒரு மணி நேரம் முன்போ இரண்டு மணி நேரம் பின்போ கொடுக்க வேண்டும்.

வாந்தி எடுத்தால், வேளை தவறினால்

மருந்து கொடுத்து 30 நிமிடத்துக்குள் பிள்ளை வாந்தி எடுத்தால், பெரும்பாலான ஆன்டிபயாட்டிக்குகளை அதே அளவில் மீண்டும் ஒருமுறை கொடுக்கலாம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் வழிகாட்டி. அதற்குப் பிறகு வாந்தி எடுத்தால் மீண்டும் கொடுக்கத் தேவையில்லை. ஒவ்வொரு வேளையும் வாந்தி எடுத்தால் மருந்து உள்ளே செல்லவில்லை என்று பொருள். மருந்தகத்தைத் தொடர்புகொண்டு வேறு மருந்து கேட்க வேண்டும்.

ஒரு வேளை மறந்துவிட்டால், நினைவு வந்ததும் கொடுக்கலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டது என்றால், விட்டதை விட்டுவிட்டு வழக்கம்போல் தொடர வேண்டும். ஈடுகட்ட இரு மடங்கு கொடுக்கக்கூடாது.

நாளுக்கு மூன்று வேளை என்றால், தூங்கும் பிள்ளையைப் பொதுவாக எழுப்பத் தேவையில்லை. காலையில் எழுந்ததும், பிற்பகலில், தூங்கும் முன் என முடிந்தவரை சம இடைவெளியில் கொடுக்கலாம். பாலர் பள்ளியில் நண்பகல் மருந்தைக் கொடுக்க வழியில்லை என்றால், அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நோயைப் பொறுத்து, இரண்டு வேளை மட்டும் கொடுக்கக்கூடிய மருந்தை அவரால் தேர்ந்தெடுக்க முடியும்.

‘காய்ச்சல் விட்டதே, இன்னும் எதற்கு?’

ஆன்டிபயாட்டிக் தொடங்கிய இரண்டு, மூன்று நாளில் பெரும்பாலான பிள்ளைகள் தெம்பாகிவிடுகின்றனர். அப்போது, ‘சூட்டு மருந்து, போதும்’ என்று நிறுத்திவிடுவது வழக்கமாக நடப்பது. தொல்லை தீர்ந்தாலும் எஞ்சிய பாக்டீரியா இன்னும் இருக்கலாம். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொண்டை அழற்சிக்குப் பென்சிலின் வகை மருந்து பொதுவாகப் பத்து நாள் தரப்படுவது, தொண்டை வலியைப் போக்க மட்டுமன்று. ருமாட்டிக் காய்ச்சலைத் தடுக்கவும்தான்.

எல்லா நோய்க்கும் நீண்ட நாள் வேண்டும் என்பதும் இல்லை. பிள்ளைகளுக்கு வரும் கடுமையற்ற நிமோனியாவுக்கு, முன்பு தரப்பட்டதைவிடக் குறைந்த நாள் சிகிச்சையே போதும் என்று அண்மை ஆண்டுகளில் வெளியான ஆய்வுகள் காட்டியுள்ளன. எத்தனை நாள் என்பது நோய்க்கு ஏற்ப மருத்துவர் எடுக்கும் முடிவு. அவர் ஐந்து நாள் என்றால், புட்டியில் மீதம் இருக்கிறது என்பதற்காக ஏழு நாள் கொடுக்க வேண்டாம். பத்து நாள் என்றால் ஐந்தாம் நாளில் நிறுத்தவும் வேண்டாம். பரிசோதனை முடிவைப் பார்த்து மருத்துவரே நிறுத்தச் சொன்னால் நிறுத்திவிடலாம்.

மூன்று நாள் கொடுத்தும் காய்ச்சல் குறையவில்லை என்றால் மீண்டும் மருத்துவரைப் பார்க்க வேண்டும். நோய் வைரசால் வந்ததாக இருக்கலாம், அல்லது பாக்டீரியா அந்த மருந்துக்குக் கட்டுப்படாததாக இருக்கலாம்.

பக்க விளைவா, ஒவ்வாமையா?

குடலில் நன்மை செய்யும் பாக்டீரியாவும் உண்டு. ஆன்டிபயாட்டிக்கால் நல்லது கெட்டது பிரித்துப் பார்க்க முடியாது. அதனால் சில பிள்ளைகளுக்கு மலம் இளகிப் போகும்; அணையாடை கட்டும் இடத்தில் தோல் சிவக்கும்; வாயில் வெள்ளைப் படலம் தோன்றும். மலம் சற்று இளகுவதற்காக மருந்தை நிறுத்த வேண்டியதில்லை. நீர்ச்சத்து குறையாமல் பார்த்துக்கொள்வது போதும். மலத்தில் இரத்தம் தெரிந்தாலோ, பிள்ளை சோர்ந்து சிறுநீர் கழிப்பது குறைந்தாலோ உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

ஒவ்வாமை வேறு. மருந்து கொடுத்த சில நிமிடம் முதல் ஓரிரு மணி நேரத்துக்குள் உடலெங்கும் அரிப்புடன் தடிப்பு, உதடு அல்லது கண் இமை வீக்கம், மூச்சுத் திணறல், திடீர்ச் சோர்வு ஆகியவை வந்தால் அது அவசர நிலை. 995 என்ற எண்ணில் மருத்துவ வாகனத்தை அழைக்க வேண்டும். அந்த மருந்தை மீண்டும் கொடுக்கக்கூடாது.

சில நாள் கழித்து வரும் சிவந்த புள்ளிகள் எல்லாம் ஒவ்வாமை ஆகா. வைரஸ் நோயே அத்தகைய புள்ளிகளை உண்டாக்கும். ‘பென்சிலின் ஆகாது’ என்று பதிவாகியிருப்போரை முறையாகப் பரிசோதித்தால், பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் உண்மையில் ஒவ்வாமை இல்லை என்பது தெரியவருகிறது. தவறான பதிவால் பிள்ளைக்கு வாழ்நாள் முழுவதும் பொருத்தமான மருந்து கிடைக்காமல், வேறு மருந்துகளை நாட வேண்டியிருக்கும். புள்ளிகள் தோன்றினால் படம் எடுத்துவைத்து, எந்த மருந்து, எத்தனையாவது நாள் என்பதைக் குறித்து மருத்துவரிடம் காட்டுவது அவருக்கு உதவும்.

மறக்கக்கூடாத ஜி6பிடி

சிங்கப்பூரில் 1965ஆம் ஆண்டு முதல், பிறக்கும் குழந்தைகளின் தொப்புள்கொடி இரத்தத்தில் ‘ஜி6பிடி’ குறைபாடு உள்ளதா என்று பரிசோதிக்கப்படுகிறது. இரத்தச் சிவப்பணுக்களைப் பாதுகாக்கும் ஒரு நொதி போதிய அளவில் இல்லாத மரபுவழிக் குறைபாடு இது. ஆண் குழந்தைகளிடம் அதிகம் காணப்படுகிறது. குறைபாடு உள்ள பிள்ளை வழக்கமாக நலமாகவே இருக்கும். ஆனால், சில பொருள்கள் உடலில் சேர்ந்தால் சிவப்பணுக்கள் வேகமாக உடையும். அலமாரியில் வைக்கும் அந்துருண்டையின் நெடிகூட ஆகாது என்று பெற்றோரிடம் சொல்லப்படுவது இதனால்தான்.

ஆன்டிபயாட்டிக்குகளில் ‘கோட்ரைமாக்சசோல்’ போன்ற சல்ஃபா வகை மருந்துகளும் ‘நைட்ரோஃபுரான்டோயின்’ மருந்தும் இவர்களுக்குத் தவிர்க்கப்பட வேண்டியவை. ‘அமாக்சிசிலின்’, ‘செஃபலெக்சின்’ போன்றவற்றைப் பொதுவாகக் கொடுக்கலாம். பிறந்தபோது சொல்லப்பட்ட இந்த விவரம் நாளடைவில் மறந்துபோகும். வழக்கமாகச் செல்லாத மருந்தகத்துக்கோ, விடுமுறையில் வெளிநாட்டிலோ சிகிச்சை பெறும்போது அதை முதலில் சொல்ல வேண்டும். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பாட்டிக்கும் பணிப்பெண்ணுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். மருந்துக்குப் பின் பிள்ளை வெளிறினாலோ, கண் மஞ்சளானாலோ, சிறுநீர் தேயிலைச் சாற்று நிறத்தில் போனாலோ தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

மிச்ச மருந்தும் ஊர் மருந்தும்

சிங்கப்பூரில் பிள்ளைகளுக்கான ஆன்டிபயாட்டிக்கை மருத்துவர் பரிந்துரையின்றி வாங்க முடியாது. இந்தியாவிலும் சட்டம் மருத்துவர் சீட்டைக் கோருகிறது என்றாலும், கடையில் கேட்டவுடன் கிடைப்பது அங்கு வழக்கம். தமிழ்நாட்டுக்குச் சென்று திரும்பும் குடும்பங்கள் சில, ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று இரண்டு புட்டி வாங்கிவருகின்றன. பெயர் ஒன்றாக இருந்தாலும் அங்குள்ள புட்டியின் வீரியம் இங்குள்ளதைப் போலவே இருக்கும் என்று சொல்ல முடியாது. 

இன்னோர் ஆபத்தும் உண்டு. இந்தியாவுக்குச் சென்று திரும்பிய பிள்ளைக்குக் காய்ச்சல் நீடித்தால், மருத்துவர்கள் எண்ணிப் பார்க்கும் நோய்களில் டைஃபாய்டும் ஒன்று. இரத்தத்தில் உள்ள பாக்டீரியாவை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்த்தே அதை உறுதிசெய்வர். வீட்டில் இருந்த ஆன்டிபயாட்டிக்கை ஓரிரு வேளை கொடுத்துவிட்டுச் சென்றால், பாக்டீரியா அரைகுறையாக அடங்கி, பரிசோதனையில் தெரியாமல் போகலாம். நோய் இருக்கும்; ஆனால் கண்டுபிடிக்க முடியாது. அதனால், பயணம் சென்றதையும் ஏற்கெனவே ஏதேனும் மருந்து கொடுத்திருந்தால் அதையும் மருத்துவரிடம் மறைக்காமல் கூற வேண்டும். கஷாயம், நாட்டு மருந்து கொடுத்திருந்தாலும் சொல்வது நல்லது.

சிகிச்சை முடிந்து மீந்த மருந்தை அடுத்த முறைக்கென வைக்கக்கூடாது. தம்பி, தங்கைக்கோ அண்டை வீட்டுப் பிள்ளைக்கோ கொடுக்கவும் கூடாது. கழிவுத் தொட்டியில் ஊற்றினால் அது நீரில் கலக்கும். பயன்படுத்திய தேயிலை அல்லது காப்பித் தூளோடு கலந்து, பையில் இறுகக் கட்டி, குப்பையில் போடலாம். இங்கு வீட்டுக் குப்பை எரிக்கப்படுவதால் மருந்தும் அதோடு அழிந்துவிடும்.

கட்டுப்படாத கிருமிகள்

1928ஆம் ஆண்டு பென்சிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் ஃபிளமிங், 1945ஆம் ஆண்டு நோபெல் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையிலேயே, போதாத அளவில் மருந்தை உட்கொண்டால் அதைத் தாங்கும் பாக்டீரியா உருவாகும் என்று எச்சரித்தார். இன்று அது உலகம் தழுவிய சிக்கல். மருந்துக்குக் கட்டுப்படாத பாக்டீரியா தொற்றால் 2019ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறக்குறைய 12.7 லட்சம் பேர் உயிரிழந்ததாக ஆய்வாளர்கள் மதிப்பிட்டுள்ளனர். சிங்கப்பூர் 2017ஆம் ஆண்டு இதற்கெனத் தேசிய உத்திபூர்வச் செயல்திட்டத்தை வெளியிட்டது.

மருந்துக்குப் பழகிப்போவது பிள்ளையின் உடல் என்று பலர் நினைக்கின்றனர். பழகிக்கொள்வது உடலன்று, பாக்டீரியா. ஒவ்வொரு முறை ஆன்டிபயாட்டிக் கொடுக்கும்போதும், குடலிலும் தொண்டையிலும் உள்ள பாக்டீரியாக்களில் மருந்தைத் தாங்கக்கூடியவை மட்டும் எஞ்சிப் பெருகுகின்றன. அவை ஒரே வீட்டில் இருக்கும் தம்பிக்கும் தாத்தாவுக்கும் பரவக்கூடும். தேவையற்ற ஒரு புட்டி மருந்தின் விலையை மருந்து குடித்த பிள்ளை மட்டும் கொடுப்பதில்லை.

நோயே வராமல் தடுப்பது இதைவிட எளிது. நிமோனியாவையும் மூளைச்சவ்வு அழற்சியையும் உண்டாக்கும் நியூமோகாக்கஸ் பாக்டீரியாவுக்கு எதிரான தடுப்பூசி, தேசியச் சிறார் தடுப்பூசி அட்டவணையில் உள்ளது. 2020 நவம்பர் முதல், அட்டவணையில் உள்ள தடுப்பூசிகளைச் சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்ற பிள்ளைகள் பலதுறை மருந்தகங்களிலும் ‘சாஸ்’ மருந்தகங்களிலும் கட்டணமின்றிப் போட்டுக்கொள்ளலாம். ஃபுளூ தடுப்பூசியும் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குப் பரிந்துரைக்கப்படுகிறது.

உடனே செல்ல வேண்டிய நேரம்

மூன்று மாதம் நிறையாத குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல் காய்ச்சல் இருந்தால், வீட்டில் மருந்து கொடுத்துக் காத்திருக்கக்கூடாது. எந்த வயதுப் பிள்ளையாக இருந்தாலும் மூச்சு விடச் சிரமப்பட்டால், எழுப்பினாலும் விழிக்காமல் துவண்டு கிடந்தால், வலிப்பு வந்தால், தண்ணீர்கூடக் குடிக்க மறுத்தால், அழுத்தினாலும் மறையாத செந்நீலப் புள்ளிகள் தோலில் தோன்றினால் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

மருந்தகத்தில் கேட்க வேண்டிய கேள்விகள்

* இந்த நோய் பாக்டீரியாவால் வந்ததா, வைரசால் வந்ததா?
* இந்தப் புட்டிகளில் எது ஆன்டிபயாட்டிக்? ஒரு வேளைக்கு எத்தனை மி.லி.?
* நாளுக்கு எத்தனை வேளை? உணவுக்கு முன்பா, பின்பா?
* மொத்தம் எத்தனை நாள் கொடுக்க வேண்டும்?
* குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டுமா? தண்ணீர் கலந்தாயிற்றா?
* எத்தனை நாளில் குணம் தெரியும்? தெரியாவிட்டால் எப்போது திரும்பி வர வேண்டும்?

பெற்றோரே முதலில் சொல்ல வேண்டியவை மூன்று: பிள்ளையின் எடை, முன்பு எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாமல் போனதா என்பது, ஜி6பிடி குறைபாடு உள்ளதா என்பது. வரிசையில் அடுத்தவர் காத்திருக்கிறார் என்று தயங்க வேண்டாம். ஆன்டிபயாட்டிக் தேவையில்லை என்று மருத்துவர் சொன்னால், பிள்ளையின் எந்த மாற்றத்தைக் கவனிக்க வேண்டும் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொண்டு வீடு திரும்பலாம்.